பன்னிரண்டு குழிக் களம்

அமெரிக்கா தேசத்தார் ஒரு விளையாட்டுக்குக் 'கால்பந்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பந்து காலில் படுவதே இல்லை, கையிலேயே இருக்கிறது. அதைப் பந்து என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு முனையும் கூர்ந்து, இலுப்பைக் கொட்டையைப் பெரிதாகச் செய்து வைத்தாற்போல் இருக்கும். ஆடுகிறவர்களைப் பார்த்தாலோ, கூத்து மேடையில் துரியோதனன் வேஷம் கட்டியவர் புஜகீர்த்தியும் கிரீடமுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வருவாரே, அந்த ஞாபகம் வரும். தலைக்குக் கவசம், தோளுக்குத் திண்டு, தொடைக்குத் திண்டு, முழங்காலுக்குத் திண்டு. இவ்வளவையும் கட்டிக்கொண்டு பக்கத்துக்குப் பதினொருவராக நின்று, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பந்தைச் சில கஜ தூரம் முன்னே கொண்டுபோவார்கள். பிறகு வட்டமாகக் கூடி ஆலோசனை செய்வார்கள். மறுபடியும் விழுவார்கள்.

பரிகாசம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரண்டு கலாசாலைகளின் மாணவர்கள் பக்கத்துக்கு 25 பேராக நின்று ஆடிய நாள் தொட்டு, அந்நாட்டு மக்கள் இந்த ஆட்டத்தின்மேல் உயிரை வைத்திருக்கிறார்கள். (அன்றைக்குப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்று விதி இருந்தது, ஆகவே பெயருக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது.) நம்முடைய சடுகுடுவை முதல்முறையாகப் பார்க்கும் அயல்நாட்டான், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ மந்திரம் சொல்லி ஒருவரையொருவர் காலைப் பிடித்து இழுக்கிறார்களே என்று என்ன நினைப்பான்? அதை எண்ணிப் பார்த்தால் நம் சிரிப்பு அடங்கிவிடும்.

இந்த அமெரிக்க ஆட்டத்தைப் பாரத தேசத்தில் நட்டு வளர்ப்பதற்கு ஒரு பெருமுயற்சி நடந்தது. 'எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' என்ற பெயரால் 2011-ஆம் ஆண்டில் அது அறிவிக்கப்பட்டது. கர்ட் வார்னர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரும், மைக் டிட்கா என்ற பயிற்சியாளரும், மார்க் வால்பர்க் என்ற சினிமா நடிகரும் அதற்குத் துணை நின்றார்கள். வேறு ஆட்டங்களில் பழகிய நம் நாட்டு வாலிபர்களைத் தேர்ந்தெடுத்து, கவசம் அணிவித்து, கொழும்பு நகரத்தில் 2012-ஆம் ஆண்டு பந்தயங்கள் நடத்திப் படம் பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இறுதிப் பந்தயத்தில் புனே அணி டில்லி அணியை ஆறுக்குப் பூஜ்யம் என்று வென்றது. பணம் வந்தது, படக்கருவி வந்தது, பிரபலஸ்தர்கள் வந்தார்கள். வேர் மட்டும் இறங்கவில்லை. நம் ஊர்த் தெருவில் ஒரு பையனை நிறுத்தி அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், விழிப்பான்.

ஆனால் அதே அமெரிக்காவில், அதே நூற்றாண்டில் பிறந்த இன்னோர் ஆட்டம் காவேரிக் கரையில் கிராமத்துக்குக் கிராமம் நடக்கிறது. ஆடுகிறவர்களுக்கு அது அயல்நாட்டுச் சரக்கு என்ற நினைவே கிடையாது. பாடப்புத்தகம் அதைக் கைப்பந்து என்கிறது. ஊரார் வாலிபால் என்கிறார்கள். ஒன்று பட்டுப்போக, மற்றொன்று இப்படித் தழைத்ததற்கு என்ன காரணம்?

முதற்காரணம் நிலத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நீளம் 120 கஜம். அகலம் 53 கஜமும் ஓர் அடியும். தஞ்சாவூர்ச் சீமையில் வயலைக் கஜக்கோலால் அளக்கிற வழக்கம் இல்லை. பன்னிரண்டடிச் சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இந்தக் கணக்கில் மேற்படி மைதானத்தை அளந்து பார்த்தேன். ஒரு குழி கூடாமல், ஒரு குழி குறையாமல் நாலு மா வந்தது! நாலு மா நன்செய்யைத் தரிசாகப் போட்டு, அதில் இருபத்திரண்டு பேர் விழுந்து புரள வேண்டும் என்று தஞ்சாவூர் மிராசுதாரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு வரப்பில் நிற்காமல் ரஸ்தாவில் நின்றுகொள்வது நல்லது.

வாலிபால் களம் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். குழிக் கணக்கில் பன்னிரண்டு. சுற்றிலும் நகர்வதற்கு இடம் விட்டாலும் ஒரு மாவில் பாதி போதும். நாலு தென்னைக்கு நடுவில் அது அடங்கும். நெல் அடிக்கும் களத்தில் அடங்கும். பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறமுள்ள திடலில் அடங்கும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. காவேரிப் படுகையின் மண், களிமண். ஐப்பசி, கார்த்திகையில் சேறு. சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிப்பு. கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆட வேண்டுமானால் பந்து தரையில் பட்டு ஒழுங்காக எழும்ப வேண்டும். அதற்கு உருளை போட்டு மண்ணைப் பதப்படுத்த வேண்டும். வாலிபாலில் பந்து தரையைத் தொட்டால் ஆட்டமே முடிந்தது. பந்து ஆகாயத்திலேயே ஜீவிக்கிற ஆட்டத்துக்குத் தரை எப்படியிருந்தால் என்ன? பத்து வண்டி மணல் கொட்டி வெடிப்பை மூடினால் களம் தயார்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் சாலையில் மாலை ஐந்து மணிக்குப் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சவுக்குக் கம்பம், அவற்றுக்கு நடுவே நைந்து முடிபோட்ட வலை, சுண்ணாம்புப் பொடியால் இழுத்த கோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் வாலிபர்கள், திண்ணையில் குந்தித் தீர்ப்புச் சொல்லும் கிழவர்கள் என்று ஊருக்கு ஒரு காட்சி தென்படும். அப்படி ஒரு கிழவரிடம் பெயர்க்காரணம் கேட்டேன். "எதிரே நிற்கிறவனுடைய பலத்தில் பாதி வாலிபால் வந்து சேரும் என்று இராமாயணத்தில் சொல்லியிருக்கிறதே, அதுதான்" என்றார். சொற்பிறப்பு பிசகாக இருக்கலாம். ஆனால் எதிரணியின் வேகத்தைக் கொண்டே அவர்களை மடக்கும் அந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வியாக்கியானத்தை நான் கேட்டதில்லை.

உண்மையான பிறப்புக் கதை இது. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் வில்லியம் மார்கன் என்பவர் தேகாப்பியாச ஆசிரியராக இருந்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் நடுவயது வியாபாரிகள். தொந்தி விழத் தொடங்கியவர்கள். நாலாண்டுகளுக்கு முன்புதான், அதாவது 1891-ல், பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார். அந்த ஓட்டமும் இடியும் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டென்னிஸ் வலையை ஆறரை அடி உயரத்துக்கு உயர்த்திக் கட்டி, கையால் தட்டி ஆடும்படி மார்கன் ஒரு விளையாட்டை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'மின்டனெட்'. பாட்மிண்டனின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், பந்தைத் தரையில் விடாமல் தட்டுவதனால் 'வாலிபால்' என்பதே பொருந்தும் என்றார். அது நிலைத்துவிட்டது.

தங்கை அமெரிக்காவில் பிறந்தாள். அக்காள் எங்கே வளர்ந்தாள் தெரியுமா? நம் தேசத்தில்! பூனாவிலிருந்த ஆங்கிலப் பட்டாளத்து அதிகாரிகள் ஆடிப் பழகி, விதி எழுதிக்கொண்டு, சீமைக்கு எடுத்துச்சென்ற ஆட்டம்தான் பாட்மிண்டன். இறகுப் பந்து காற்றுக்கு ஆகாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற நாட்டில் இறகு என்ன பாடு படும்? அதற்கு மாற்றாகக் கம்பளி நூலை உருட்டிச் செய்த பந்தை ஆண்டார்கள். அந்தக் கம்பளிப் பந்தாட்டம் வேரூன்றிய ஊர் தஞ்சாவூர். நாம் பூப்பந்து என்றும் பால் பாட்மிண்டன் என்றும் சொல்லும் ஆட்டத்தின் சரித்திரம், 1856-ஆம் ஆண்டில் தஞ்சை அரச குடும்பத்தார் அதை ஆடினார்கள் என்றே தொடங்குகிறது.

இந்த வருஷத்தைக் கவனியுங்கள். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னரான இரண்டாம் சிவாஜி 1855-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காலமானார். ஆண் வாரிசு இல்லை என்ற காரணம் காட்டிக் கும்பினியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைச் சொத்தும் முத்திரை வைக்கப்பட்டது. ராணி காமாட்சி பாயி வழக்குத் தொடுத்து, அது லண்டன் பிரிவி கௌன்சில் வரையில் போய், 1859-ல் பாதகமாகத் தீர்ந்தது. நாடு போய், படை போய், தர்பார் போய்விட்ட அந்த நாட்களில் மதில்களுக்குள் ஒரு கம்பளிப் பந்து மேலும் கீழும் பறந்துகொண்டிருந்தது. ராஜ்யம் திரும்பி வரவில்லை. பந்து மட்டும் மதிலைத் தாண்டி வந்து ஊரார் கையில் சேர்ந்தது.

பூப்பந்து பக்கத்துக்கு ஐவர் ஆடும் ஆட்டம். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து. எடை முப்பது கிராமுக்கு மேல் போகாது. களம் 24 மீட்டருக்கு 12 மீட்டர், அதாவது இருபத்திரண்டு குழிக்குள். இங்கேயும் பந்து தரையைத் தொடக் கூடாது. ஆகையால் களிமண்ணைப் பற்றிய கவலை இல்லை. முன்னே இருவர் வலையோரத்தில் பாய, பின்னே இருவர் உயரப் பந்துகளைத் திருப்ப, நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் கைகொடுப்பார். நன்றாக ஆடப்படும் பூப்பந்தைப் பார்த்தவர்கள் அதன் வேகத்தை மறக்கமாட்டார்கள். பள்ளிக்கூடங்களில் பெண்களும் பிள்ளைகளும் ஆடினார்கள்; ரெயில்வே காலனிகளில் ஆடினார்கள். பெரிய மைதானமும் வேண்டாம், சீமைப் புல்லும் வேண்டாம்.

ஆக, வாலிபால் நம் ஜில்லாவுக்கு வந்தபோது, நடுவில் வலையைக் கட்டி இரு பக்கமும் நின்று பந்தைத் தரைபடாமல் தட்டுவது என்ற கருத்து இங்கே புதிதாக இருக்கவில்லை. புதுச் சம்பந்தி வந்ததாக நினைத்தார்கள். பார்த்தால் பழைய உறவு!

அது வந்த வழியையும் சொல்ல வேண்டும். டேவிட் மக்கானகி என்ற அமெரிக்கர் 1890-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தை ஏற்படுத்தினார். அந்தச் சங்கத்தின் சார்பில் ஹாரி க்ரோ பக் என்பவர் வந்து, 1920-ஆம் ஆண்டில் தேகாப்பியாச ஆசிரியர்களைப் பழக்குவதற்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் நந்தனத்தில் பெரிய கலாசாலையாக வளர்ந்தது அதுதான். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியை அழைத்துப் போனவரும் அவரே. 1943-ல் சென்னையிலேயே காலமானார். மதம் பரப்ப வந்த சங்கத்தார்தானே என்று அக்காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சந்தேகப்படுவதற்குக் காரணமும் உண்டு. ஆனால் பக் துரையிடம் பயின்ற உபாத்தியாயர்கள் ஜில்லா ஜில்லாவாகச் சென்று, உயர்தரப் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' ஆனார்கள். அவர்கள் கையில் ஒரு விசிலும், கம்பின் இருமுனையில் மாட்டிய ஒரு வலையும், ஒரு தோல் பந்தும் இருந்தன. 2012-ல் கொழும்புக்கு வந்த படாடோபத்தையும் இந்த டிரில் மாஸ்டர் கையிலிருந்த சாமான்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் கற்ற பையன் பரீட்சையில் தேறினாலும் தேறாவிட்டாலும் ஊருக்குத் திரும்பினான். ஊரில் பந்து இல்லை. அங்கேதான் சங்கம் பிறந்தது.

ஒரு கிராமத்துச் சங்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதலில் ஆறு பேர் சேர்வார்கள். எதிர்ப்பக்கத்துக்கு ஆறு பேர் வேண்டும் என்பதற்காகச் சிறு பையன்களையும், கலியாணமாகி அடங்கியிருக்கும் அண்ணன்மார்களையும் இழுப்பார்கள். பெயர் வைப்பதில் ஒரு வாரம் போகும். பாரதியார், நேதாஜி, காந்திஜி, அம்பேத்கர், குலதெய்வம், கட்சித் தலைவர் என்று ஆறு பேருக்கு ஏழு அபிப்பிராயம் இருக்கும். பிறகு வசூல். மளிகைக் கடைக்காரர் ஒரு தொகை கொடுத்து, சட்டையில் தம் கடைப் பெயர் வர வேண்டும் என்பார். ஸிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் ஊர்ப்பிள்ளை பந்துக்குப் பணம் அனுப்புவான். அனுப்பிவிட்டு, ஊருக்கு வரும் பத்து நாளில் தினமும் வந்து களத்தின் ஓரத்தில் நிற்பான். கம்பத்தைச் சவுக்குத் தோப்புக்காரர் கொடுப்பார். வலைதான் எப்போதும் தகராறு. மீன்வலையைக் கட்டி ஆடிய காலங்களும் உண்டு.

இவர்களில் எவருக்கும் சம்பளம் கிடையாது. காலையில் நாற்றுக் கட்டுத் தூக்கியவனும், கடையில் கணக்கு எழுதியவனும், வேலை தேடி மனுப்போட்டு அலுத்தவனும் மாலையில் அங்கே சமம். பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் இராப்பந்தயம் வைப்பார்கள். கம்பத்துக்குக் கம்பம் விளக்குக் கட்டி, ஒலிபெருக்கியில் ஊர்ப் புலவர் ஒருவர் ஆட்டத்தை வர்ணிப்பார். கோப்பையைவிட அந்த வர்ணனைக்காகவே சிலர் விடியற்காலை வரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பருவமும் காவேரியைப் பொறுத்தது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்த பிறகு, நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது, ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது என்று ஒரு முறை ஏற்பட்டது. நடவு மும்முரத்தில் ஆட்டம் மெலியும்; அடைமழையில் படுத்துவிடும். சம்பா அறுத்து, தாளடி அறுத்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தபின் வயல்வெளி முழுவதும் மைதானம். ஆற்றில் நீர் வற்றி மணல் தெரியும்போது ஆற்றுக்குள்ளேயே கம்பம் நடுவார்கள். விழுந்தால் அடிபடாத களம் அதைப்போல் வேறில்லை.

இவ்வாட்டத்தின் விதி ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மார்கன் காலத்தில் ஒரு பக்கத்தார் பந்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். 1920-ல் அது மூன்று முறை என்று கட்டுப்படுத்தப்பட்டது. எடுத்தவனே அடுத்த தட்டும் தட்டக் கூடாது. ஒருவன் எடுக்க, ஒருவன் தூக்கிக் கொடுக்க, ஒருவன் அடிக்க வேண்டும். உயரத் தூக்கிக் கொடுத்து ஓங்கியடிக்கும் அந்த முறையையே 1916 வாக்கில் பிலிப்பைன்ஸ் தீவுகளின் மக்கள்தான் உண்டாக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கர் கொண்டுவந்து கொடுத்ததை அவர்கள் கைகட்டி வாங்கிக்கொள்ளவில்லை. திருத்தி, திருப்பிக் கொடுத்தார்கள். சர்வீஸ் கைமாறி வரும்போது அணியினர் எல்லாரும் ஓர் இடம் சுற்றி நகர வேண்டும் என்பது இன்னொரு விதி. இன்றைக்கு முன்னே நின்று அடிக்கிறவன் நாலு நகர்வில் பின்னே நின்று குனிந்து எடுக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்திலோ முன்வரிசையில் முட்டி நிற்கும் ஐவருக்கு, முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கும் உரிமையே சாதாரணமாகக் கிடையாது. பந்தைத் தொடாமலே ஓர் ஆண்டு முழுவதும் ஆடிவிடலாம்.

இந்தச் சுற்று முறையைப் பார்த்துச் சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சில ஊர்களில் ஒரு பர்லாங்குக்குள் இரண்டு களங்களைக் காண்கிறோம். ஊர் சிறியது; ஆடுகிறவர்கள் இரு பக்கமும் சேர்ந்து இருபது பேர். இரண்டு களம் எதற்கு என்று விசாரித்தால் ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. தெருவின் பெயரைக் கேட்டால் விஷயம் விளங்கிவிடும். மூன்று தட்டில் ஒரு தட்டை மற்றவனுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று விதித்த ஆட்டத்தை ஆடிக்கொண்டே, யாருக்குக் கொடுப்பது என்பதில் சாதி பார்க்கிற சாமர்த்தியம் நமக்கு இருக்கிறது. ஒரே களத்தில் இரு தெருவாரும் ஆடும் ஊர்களும் உண்டு. அந்த ஊர் அணிகள் பந்தயங்களில் பெரும்பாலும் முன்னுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். இருபது பேரிலிருந்து ஆறு பேரைப் பொறுக்குவதற்கும் பத்துப் பேரிலிருந்து பொறுக்குவதற்கும் வித்தியாசம் இருக்குமல்லவா?

அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஆட்டம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை உலகம் 1964-ல் கண்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாக வாலிபால் சேர்க்கப்பட்டது. பெண்கள் பந்தயத்தில் தங்கம் வென்ற ஜப்பானிய அணியில் பெரும்பாலோர் ஒரே பஞ்சாலையைச் சேர்ந்த பெண்கள். பகலில் வேலை செய்துவிட்டு, நடுநிசி வரையில் பழகி, இறுதியில் ரஷ்யப் பெண்களை வென்றார்கள். நம்முடைய ஆடவர் அணியும் சும்மா இருக்கவில்லை. ஆசியப் பந்தயங்களில் 1958-ல் டோக்கியோவில் மூன்றாம் இடமும், 1962-ல் ஜகார்த்தாவில் இரண்டாம் இடமும், 1986-ல் ஸியோலில் மறுபடியும் மூன்றாம் இடமும் பெற்றது. அர்ஜுனா விருது ஏற்பட்ட 1961-ஆம் ஆண்டிலேயே ஏ. பழனிசாமி வாலிபாலுக்காக அதைப் பெற்றார். கடலுக்கு அப்பால் இலங்கையில், 1916-ல் கொழும்பு ஒய்.எம்.சி.ஏ. மூலம் நுழைந்த வாலிபால் 1991-ல் அந்நாட்டின் தேசிய விளையாட்டாகவே பிரகடனமாயிற்று. அதே கொழும்பில்தான் கவசக் கால்பந்தும் வந்து இறங்கிற்று என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வந்த ஆட்டத்தின் கதை இப்படியிருக்க, இங்கேயே வளர்ந்த பூப்பந்தின் கதை மனத்துக்கு அவ்வளவு சந்தோஷம் தருவதாக இல்லை. 1954-ல் அகில இந்தியச் சம்மேளனம் ஏற்பட்டது. 1970-ல் ஆந்திரத்தின் ஜே. பிச்சய்யா முதலாவதாக அர்ஜுனா விருது பெற்றார். 1984 வரையில் ஆறு பேருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது. மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் பூப்பந்துக்கு இடம் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அதனால் சோறு கிடைத்திருக்கிறது. பள்ளிப் பந்தயங்களில் இன்னும் ஆடுகிறார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் இல்லை, தொலைக்காட்சியில் இல்லை. ஆகவே தகப்பனார்கள் பையனுக்கு இறகுப்பந்து மட்டையை வாங்கிக் கொடுத்து, கூரை போட்ட மண்டபத்துக்கு மாதச் சந்தா கட்டி அனுப்புகிறார்கள். தஞ்சாவூர்க்காரர் பலருக்கே இது தம்முடைய ஊர்ச் சொத்து என்பது தெரியாது. அந்நிய ஆட்டத்தைப் பகிஷ்காரம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினம் மாலையில் யார் களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோடு போடுகிறானோ, ஆட்டம் அவனுடையது. பூப்பந்துக் களத்தைப் பெருக ஆள் குறைந்து வருகிறது என்பதுதான் என் கவலை.

வாலிபாலுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று வந்திருக்கிறது. நெல்லைக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்த காலத்தில், ஊருக்கு ஊர் களத்துமேடு இருந்தது. அறுவடை இயந்திரம் வந்து வயலிலேயே அறுத்துத் தூற்றி மூட்டைக்குத் தயாராகக் கொடுத்துவிடுகிறது. நெல்லைத் தார் ரஸ்தாவில் காயப்போடுகிறார்கள். வேலையில்லாத களத்துமேட்டின்மேல் எல்லாருக்கும் கண். ஒரு பக்கம் வேலி நகரும். ஒரு பக்கம் கட்டடம் எழும்பும். சாலையோரத்து நிலமானால் மனைக்கல் நட்டு விளம்பரப் பலகை வைத்துவிடுவார்கள். 1991 முதல் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை என்று பழைய தஞ்சை ஜில்லாவைப் பிரித்துத் தலைநகரங்களில் ஸ்டேடியம் பற்றிப் பேசுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் தலைநகரத்து ஸ்டேடியத்துக்குப் பஸ் ஏறிப்போய் வாலிபால் ஆடுகிற கிராமத்துப் பையனை நான் இன்னும் பார்க்கவில்லை. கஜா புயல் 2018-ஆம் ஆண்டு நவம்பரில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது களங்களின் நிழலும் போயிற்று. மரத்தை மறுபடி வைக்கலாம். பட்டா மாறிய பன்னிரண்டு குழியைத் திரும்ப வாங்குவது எப்படி?

சென்ற ஜூன் மாதத்தில், கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்த மறுநாள், ஆற்று மணலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். ஊரில் களத்துமேடு இல்லாதவர்கள். கோடை முழுவதும் ஆற்றிலேயே ஆடியவர்கள். மேற்கேயிருந்து ஒரு பையன் கரையோடு சைக்கிளில் வந்து, "நுரை தெரிகிறது, நுரை தெரிகிறது!" என்று கத்தினான். ஆட்டம் இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. "இன்னும் இரண்டு பாயிண்ட்தானடா!" என்றான் ஒருவன். மற்றவர்கள் அதற்குள் கம்பத்தை ஆட்டிப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் படித்துறையில் ஏறி நின்றபோது, சருகும் குப்பையுமாகத் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வந்து, சுண்ணாம்புக் கோட்டை ஒரு முனையிலிருந்து அழித்துக்கொண்டே போயிற்று. பந்து வைத்திருந்தவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து ஒரு கை நீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டான்.